மேல் வயல்காரர் மடையைத் திறக்க வைத்த கேள்வி

திருத்துறைப்பூண்டி பக்கம் கடைமடை எங்களுடையது. வயலுக்கு வயல் வழிந்துதான் தண்ணீர் வரும். மேல் வயல்காரர் மடையை அடைத்துவிட, என் சம்பா வயல் வெடிப்பு விட ஆரம்பித்துவிட்டது.

"ஏண்ணே அடைச்சீங்க?" என்று கேட்டேன். ஏன் என்று கேட்டால் யாரும் தன் பக்க நியாயத்தைத்தான் அடுக்குவார்கள், அவரும் அதைத்தான் செய்தார். அப்புறம் "பயிர் காயுதுண்ணே, அதனாலதான்" என்று காரணம் சொல்லிப் பார்த்தேன். ஜெராக்ஸ் மெஷினில் முந்திக்கொள்ள இடம் கேட்டுப் பார்த்த ஆய்வு ஒன்றை உளவியலாளர் எலன் லாங்கர் குழு 1978-இல் வெளியிட்டது. அதில், சின்ன உதவிக்கு ஒப்புக்குச் சொன்ன காரணமே போதுமாக இருந்தது, பெரிய உதவிக்கு அது எடுபடவில்லை. தண்ணீர் எங்கள் ஊரில் சின்ன உதவி இல்லை. ஊர்ப் பெரியவரைக் கூட்டிப்போனதும் அண்ணன் இன்னும் விறைத்துக்கொண்டார்.

வழி காட்டியது வரப்பில் கிடந்த காலி யூரியா சாக்கு. உரம் தூவிய கையோடு மடையைத் திறந்தால் அது கரைந்து என் வயலுக்கு ஓடி வந்துவிடும், அவருடைய பயம் அதுதான். என் பயிர்க் கதையை விட்டுவிட்டு, "உரம் பிடிக்கிற வரைக்கும் தண்ணி நிக்கட்டும்ணே, அப்புறம் காலையில திறக்கிறீங்களா, சாயங்காலமா?" என்றேன். "நாளன்னிக்குக் காலையில" என்று நாளையும் அவரே குறித்தார். சொன்னபடி திறந்தார், அப்பாடா என்றிருந்தது.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது விற்பனையாளர்களின் பழைய உத்திதான். உரத்தைப் பற்றிய அந்த முன்பாதி இல்லாமல் கேட்டிருந்தால் அண்ணன் அதை அங்கேயே கண்டுபிடித்திருப்பார்.