ஆம்புலன்ஸ் வராத இடத்துக்கு முதலுதவி: மலையேறுபவர்கள் பயிற்சியில் செய்யும் தவறுகள்

முதலுதவி வகுப்புக்குப் போய்வந்த யாரைக் கேட்டாலும் ஒரு வரி மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கும்: 108-க்குப் போன் போடு, வண்டி வரும்வரை பார்த்துக்கொள். ஊருக்குள் இது போதும். மேற்குத் தொடர்ச்சி மலையில் சிக்னல் இல்லாத ஒரு சோலைக்காட்டில் அந்த ‘வரும்வரை’ ஐந்தாறு மணி நேரமாக நீண்டுவிடும். ஊர்ப் பயிற்சியே காட்டுக்கும் போதும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் அதன் பிள்ளைகள்.

எங்களுக்கே நடந்தது. சாலையிலிருந்து இரண்டு மணி நேர நடை தூரத்தில் நண்பர் ஒருவருக்குக் கணுக்கால் பிசகியது. படுக்கைப் பாயைச் சுருட்டி, வகுப்பில் சொன்னபடியே அழகாகக் கட்டுப் போட்டோம். ஒரு மணி நேரம் கழித்து, “விரலெல்லாம் மரத்துப்போச்சுடா” என்றார். வீக்கம் ஏற ஏறக் கட்டு இறுகியிருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. வகுப்பில் கட்டுப் போட்டதும் கைதட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம், அந்தப் பழக்கம்தான். கால் விரல் நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும், தொட்டால் உணர்ச்சி இருக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை இதைப் பார்த்து, நேரத்தோடு குறித்துவைக்கப் பழகுங்கள்.

அப்புறம், தூக்குவது. நாலு பேர் இருந்தால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறோம். சறுக்குப் பாதையில் பத்து நிமிடத்தில் கை விட்டுப்போகும். ஆறேழு பேராவது மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். சாலை இல்லாத மலைக்கிராமத்துக்காரர்கள் கம்பில் போர்வையைக் கட்டி, டோலியில் நோயாளியை இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். பயிற்சியில் ஒரு தடவையாவது நிஜ ஆளை வைத்து, நிஜ மேட்டில் தூக்கிப் பாருங்கள்.

பாம்புக்கடியில் சினிமாவை மறந்தாலே பாதி வேலை முடிந்தது. கீறக் கூடாது, உறியக் கூடாது, கயிறு போட்டு இறுக்கக் கூடாது. பாம்பை அடித்துத் தூக்கிவரவும் வேண்டாம். நம் ஊர் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்தே செய்யப்படுகிறது. மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் கட்டி, நடக்கவிடாமல் இறக்குங்கள். கடித்த நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். வலியை வைத்து மட்டும் எடைபோடாதீர்கள். கட்டுவிரியன் ராத்திரித் தூக்கத்தில் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். காலையில் இமை தொங்கும்போதுதான் புரியும். மருந்து எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறது என்பதைக் கிளம்புமுன்பே விசாரித்து வையுங்கள்.

ரத்தம் கொட்டும் காயத்தில் காபித்தூள் வைக்கும் கை இன்னும் நம்மிடம் இருக்கிறது. சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். ‘நின்னுடுச்சா’ என்று நிமிடத்துக்கொரு தரம் தூக்கிப் பார்த்தால் நிற்கவே நிற்காது.

குளிரை யாரும் பாடமாகவே எடுப்பதில்லை. நீலகிரி மழையில் நனைந்து நடுங்குபவருக்கு மேலே போர்வை போர்த்துவார்கள், கீழே ஈரத்தரை அப்படியே இருக்கும். முதலில் நனைந்த துணியை மாற்றி, முதுகுக்கடியில் பை, பாய் எதையாவது போடுங்கள். பிராந்தி வேண்டாம், அது உடம்புச் சூட்டை இன்னும் வேகமாக வெளியேற்றும். ஆள் குழறிப் பேசி, நடுக்கமும் நின்றுவிட்டால் தேறிவிட்டார் என்று அர்த்தமில்லை, நிலைமை மோசமாகிறது.

குழுவில் ஒரே ஒருவர் மட்டும் பயிற்சி பெறுவதும் வழக்கமான தவறு. விழுவது அவராகவே இருந்தால்? இரண்டு பேராவது படியுங்கள்.

பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இருட்டில், ஈரத்தில், வெறுந்தரையில் செய்யவைப்பீர்களா? “ஹால் புக் பண்ணியாச்சு சார்” என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.