மறைவான இடத்தில் நகை குத்தும் முன்: நீலகிரிவாசிகளுக்கு ஒரு செய்முறை விளக்கம்

தொப்புள், முலைக்காம்பு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் நகை குத்திக்கொள்ள நினைக்கும், 18 வயது நிரம்பியவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இதையெல்லாம் யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாது. கேட்காமலே போய்க் குத்திக்கொண்டு, சீழ் வைத்த பிறகும் வெட்கப்பட்டு மறைப்பவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

முதல் படி: உடம்பு தயாரா?

கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், இதய வால்வில் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கவே கூடாது. காது குத்திய இடத்தில் தழும்பு தடித்து வளர்ந்ததா? இங்கேயும் அப்படி வளரலாம். ரத்தம் வழியாகப் பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி நோய்க்குத் தடுப்பூசி போடாதவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். மொத்தம் 3 தவணை. முதல் ஊசிக்கு 1 மாதம் கழித்து ஒன்று, 6 மாதம் கழித்து ஒன்று.

இரண்டாம் படி: கடையைச் சோதியுங்கள்

கோவைக்கு இறங்கினாலும் சரி, மேலேயே ஒரு கடை கிடைத்தாலும் சரி, கேட்க வேண்டிய முதல் கேள்வி, “கருவிகளை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள்?” என்பதுதான். “கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுப்போம்” என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சில கிருமிகளின் வித்துகள் 100 டிகிரியையே தாங்கும்.

ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கருவி வேண்டும். அதில் அழுத்த நீராவி 121 டிகிரிக்கு ஏறி, குறைந்தது 15 நிமிடம் நிற்க வேண்டும். வழக்கமாக 15 பவுண்டு அழுத்தம் என்பார்கள். மலை மேல் காற்றழுத்தம் குறைவு என்பதால் இங்கே இன்னும் 3, 4 பவுண்டு கூடுதலாகத் தேவைப்படும். அதனால் அழுத்த முள்ளை மட்டும் நம்பாமல், வெப்பநிலை எவ்வளவு என்று கேளுங்கள். கருவி இருக்கும் உறையில் நிறம் மாறும் பட்டை இருக்கும். அது மாறியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஊசி, ஒரே முறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் குழல் ஊசியாக, உங்கள் எதிரில் உறை பிரிக்கப்பட்டதாக இருக்கட்டும். காது குத்தும் துப்பாக்கியால் அடிக்கும் கன் ஷாட் இந்த இடங்களுக்குக் கூடவே கூடாது. அது தசையை நசுக்கும். அந்தப் பிளாஸ்டிக் துப்பாக்கியை ஆட்டோகிளேவில் வைக்கவும் முடியாது.

துணைக்கு ஒருவரை உள்ளே அழைத்துப் போவது உங்கள் உரிமை. போனில் படம் எடுக்க விடாதீர்கள். குத்துபவர் ஊசியைக் கையில் எடுத்த பிறகும் “வேண்டாம்” என்று சொல்லலாம்.

நகை

உடலுக்குள் பொருத்தும் தரமுள்ள டைட்டானியம் நல்லது. வீட்டில் இருக்கும் 916 தங்கத்தைப் போட ஆசை வரும். அது மிருது, கீறல் விழும், கீறலில் கிருமி தங்கும். புண் ஆறும்வரை பெட்டியிலேயே இருக்கட்டும். வெள்ளியும் நிக்கல் கலந்த கவரிங்கும் வேண்டாம். முதலில் போடும் கம்பி, வீக்கத்துக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நீளமாக இருக்கும். வீக்கம் வடிந்ததும் குத்தியவரிடமே போய்ச் சரியான அளவுக்கு மாற்றுங்கள்.

ஆறும் காலம்

பெண்குறிக் காம்பை மூடியிருக்கும் மேல்தோல் 4 முதல் 8 வாரத்தில் ஆறலாம். தொப்புளும் முலைக்காம்பும் 6 மாதம் முதல் ஒரு வருடம் எடுக்கும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 0.9 சதவீத ஸ்டெரைல் சலைனில் (கிருமி நீக்கிய உப்புநீரில்) காஸ் துணியை நனைத்து, தினம் இரண்டு வேளை ஒற்றி எடுத்தால் போதும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் தொட வேண்டும். மஞ்சள், தேங்காய் எண்ணெய், டெட்டால், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். பாட்டி காலத்து வேப்பங்குச்சியும் இங்கே உதவாது. கம்பியைத் திருகித் திருகிப் பார்க்காதீர்கள்.

நம் ஊர்க் குளிருக்கென்று சில விஷயங்கள் உண்டு. ஆடி மழையில் துண்டு நாள்கணக்கில் காயாது. ஈரத் துண்டால் துடைக்காமல் காஸ் துணியால் ஒற்றுங்கள். ஸ்வெட்டரின் கம்பளி நூல் நகையில் சிக்கும், அதனால் உள்ளே மெல்லிய பருத்தி பனியன் அவசியம். குளிரில் நாம் தண்ணீர் குடிப்பதே குறைவு. பிறப்புறுப்பில் குத்தியவர்கள் நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீர் போகும்போது எரிச்சல் தணியும். ஓடை, அருவி, நீச்சல்குளம் எதிலும் இறங்காதீர்கள். ஆறும்வரை உடலுறவைத் தவிர்ப்பது நல்லது. தவிர்க்க முடியாவிட்டால் ஆணுறை கட்டாயம்.

எப்போது மருத்துவரிடம்?

வெளிர் மஞ்சளாக நீர் வடிந்து பொருக்குக் கட்டுவது சகஜம். சிவப்பு பரவுவது, சூடு, கெட்டியான சீழ், காய்ச்சல் இவை சகஜமல்ல. அப்போது நகையை நீங்களாகக் கழற்றாதீர்கள். துளை மூடி, சீழ் உள்ளேயே அடைபடும். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், எங்கே, என்றைக்குக் குத்தினீர்கள் என்று நேராகச் சொல்லுங்கள்.

பழைய ஊசியால் குத்திவிட்டார்களோ என்று சந்தேகம் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன். ரத்தப் பரிசோதனையை, எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் ஆலோசனைக்குமான அரசின் நம்பிக்கை மையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளலாம்; உங்கள் விவரத்தை வெளியே சொல்ல மாட்டார்கள்.