சுறாக் குருத்தெலும்புச் சாறு: எதற்குப் பயன்படுத்தலாம், எப்படிப் பயன்படுத்தலாம், எங்கே நிறுத்த வேண்டும்

சுறாக் குருத்தெலும்பு என்று பெயர் போட்டு மூன்று விதமான பொருள்கள் விற்பனைக்கு வருகின்றன: முகத்துக்குப் பூசுகிற க்ரீம், மூட்டுவலி மாத்திரை, புற்றுநோய்க்கு நல்லது என்று காதோடு காதாகச் சொல்லி விற்கிற பொடி. மூலப்பொருள் ஒன்றுதானே, மூன்றும் வேலை செய்யும் என்று நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. தோலுக்கு ஓரளவு பயன் உண்டு, அறுவை சிகிச்சை நிபுணர் கையில் பெரிய பயன் உண்டு, மூட்டுக்குச் சந்தேகம்தான், புற்றுநோய்க்குப் பயன் இல்லவே இல்லை. அந்தக் கடைசி விஷயத்தில் ஏமாந்தால் போவது பணம் மட்டுமல்ல என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். சுறாவின் உடம்பில் கடினமான எலும்பு கிடையாது, எலும்புக்கூடு முழுக்கக் குருத்தெலும்புதான். அதை உலர்த்தி அரைத்தால் கிடைப்பது பொடி. அதில் கொலாஜன் என்கிற புரதம், காண்ட்ராய்டின் சல்பேட் என்கிற நீண்ட சர்க்கரைச் சங்கிலிப் பொருள், கால்சியம் பாஸ்பேட் உப்புகள் எல்லாம் கலந்து கிடக்கும். அதே குருத்தெலும்பில் இருக்கும் புரதங்களை நொதி கொண்டு சிதைத்து நீக்கிவிட்டு, காண்ட்ராய்டினை மட்டும் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்தால் அது வேறு பொருள். தண்ணீரில் கரைகிற பகுதியை மட்டும் வடித்தெடுத்தால் அது இன்னொன்று. ஆகவே டப்பாவைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய கேள்வி, இது பொடியா, சுத்திகரித்த காண்ட்ராய்டினா, வடித்த சாறா என்பதுதான். முன்பக்கப் படத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, பின்பக்கம் திருப்பித்தான் ஆகவேண்டும்.

தோலுக்குப் பூசுவது

காண்ட்ராய்டின் மூலக்கூறு முழுக்க எதிர்மின்னேற்றம் கொண்ட குழுக்கள் வரிசையாக இருக்கும். அவை சோடியம் அயனிகளை இழுக்க, அயனிகளோடு தண்ணீரும் வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் அது தோல் மேல் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, காய்ந்ததும் மெல்லிய படலமாக நிற்கிறது. க்ரீமில் அதன் வேலை இவ்வளவுதான், இது உண்மையான வேலையும்கூட. வறண்டு வரிவரியாகத் தெரிகிற கன்னம் ஈரம் ஏறியதும் மொழுமொழுவென்று தெரியும், மெல்லிய கோடுகள் சில மணி நேரத்துக்கு மங்கும்.

ஆனால் அது தோலுக்குள் இறங்கி கொலாஜனைக் கட்டி எழுப்பும் என்று எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளே போக ஒரு மூலக்கூறு ஏறத்தாழ 500 டால்டனுக்குள் (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு) இருக்க வேண்டும் என்பது தோலியலில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. காண்ட்ராய்டின் பல்லாயிரம் டால்டன் எடை, முழுக் கொலாஜன் ஏறத்தாழ மூன்று லட்சம். இரண்டும் மேலேதான் நிற்கும், முகம் கழுவினால் போய்விடும்.

பொருள் பட்டியலில் சோடியம் காண்ட்ராய்டின் சல்பேட் என்றோ ஹைட்ரோலைஸ்டு கார்ட்டிலேஜ் என்றோ இருக்கும். பட்டியலில் அதிகம் உள்ளது முதலில், குறைவானது பின்னால், ஒரு சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டால் எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். ஃபீனாக்சிஎத்தனால் என்கிற பதப்படுத்தி பல க்ரீம்களில் இருக்கும், அதைப் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்ப்பதில்லை. ஆகவே காண்ட்ராய்டின் அதற்கும் பின்னால் எழுதப்பட்டிருந்தால் ஒரு சதவீதத்துக்குள் அடங்கிய அளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர் பிடிக்கிற பொருளுக்குச் சிறிய அளவும் ஓரளவு போதும்தான், ஆனால் அதற்காக மூன்று மடங்கு விலை கொடுக்கக் காரணமே இல்லை.

வாங்கிவிட்டீர்கள் என்றால் நேராக முகத்தில் பூசாதீர்கள். முழங்கையின் உள்பக்கம், மடிப்புக்குக் கொஞ்சம் கீழே, ஒரு நாணயம் அளவு இடத்தில் காலை ஒரு தடவை இரவு ஒரு தடவை பூசி, ஏழிலிருந்து பத்து நாள் அதே இடத்தைக் கவனியுங்கள். ஒரே நாளில் ஒன்றும் ஆகவில்லை என்று விட்டுவிடுகிறார்கள், ஒவ்வாமை பல நேரம் சில நாள் கழித்துத்தான் தலைகாட்டும். சிவப்போ அரிப்போ சிறு பருக்களோ வந்தால் அந்தக் க்ரீமை மறந்துவிட வேண்டியதுதான். மீன் சாப்பிட்டால் ஒவ்வாமை வருகிறவர்கள் இந்தச் சோதனையே செய்ய வேண்டாம், வேறு க்ரீமுக்குப் போய்விடுங்கள்.

பூசும் முறையில் ஒரே ஒரு நுணுக்கம் உண்டு. முகத்தைக் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்து, தோல் இன்னும் லேசாக ஈரமாக இருக்கும்போதே பூச வேண்டும், நீர் பிடிக்கிற பொருளுக்குப் பிடிக்கக் கொஞ்சம் நீர் வேண்டுமே. விரல் நுனியில் எடுத்துத் தேய்க்காமல் கன்னம், நெற்றி, தாடை என்று அழுத்தி அழுத்தி வையுங்கள். முதலில் வழுவழுப்பாக இருக்கும், ஒரு நிமிடத்தில் லேசான பிசுபிசுப்பு வரும், அது படலம் உருவாகிறது என்பதன் அடையாளம். அதன் மேல் எண்ணெய்ப்பசை உள்ள சாதாரண மாய்ஸ்சரைசர் ஒன்றைப் பூசிவிடுங்கள். காற்று வறண்டிருக்கும் நாளில் மேல்பூச்சு இல்லாவிட்டால் பிடித்த ஈரம் சீக்கிரமே ஆவியாகிவிடும். பகலில் இதற்கு மேல் சன்ஸ்க்ரீன். சுருக்கத்தைத் தள்ளிப்போடுவதில் சன்ஸ்க்ரீன் செய்கிற வேலையில் பாதிகூட எந்தக் குருத்தெலும்புக் க்ரீமும் செய்யாது.

திறந்த புண், வெடிப்பு, தீக்காயம் இவற்றில் அழகுசாதனக் க்ரீமைத் தொடவே கூடாது. சொரியாசிஸ் உள்ளவர்களும் இதை மருந்தாக நினைத்துப் பூசிக்கொண்டு காலம் கடத்த வேண்டாம். சுறாக் குருத்தெலும்பிலிருந்து வடித்த நியோவாஸ்டாட் என்கிற சாற்றை வாய்வழியே கொடுத்து சொரியாசிஸில் ஆரம்பக்கட்டச் சோதனை நடந்தது உண்மைதான். ஆனால் அது க்ரீமும் இல்லை, மருந்தாகக் கடைக்கு வரவும் இல்லை.

மருத்துவமனைக்குள் இருக்கும் சுறா

இந்தப் பகுதி பலருக்குத் தெரியாது, எனக்கு இதில்தான் ஆர்வம் அதிகம். கடுமையான தீக்காயத்தில் தோலின் அடியடுக்கே போய்விட்டால் அதைத் திரும்ப வளர வைக்க, கட்டடத்துக்குக் கட்டுவது போல, செல்கள் பற்றி ஏற ஒரு சாரம் வேண்டும். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ஜான் பர்க்கும் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் இயோனிஸ் யன்னாஸும் சேர்ந்து உருவாக்கிய அந்தச் சாரம் இன்டெக்ரா என்ற பெயரில் 1996இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஒப்புதல் பெற்றது. கீழடுக்கு, மாட்டுத் தசைநாண் கொலாஜனும் சுறாவிலிருந்து எடுத்த காண்ட்ராய்டின்-6-சல்பேட்டும் சேர்ந்த நுண்துளைகள் நிறைந்த பஞ்சு. மேலடுக்கு, தோலுக்குப் பதிலாக மூடி நிற்கும் மெல்லிய சிலிகான் தாள். சுத்தம் செய்த காயத்தின் மேல் இதைப் பதித்துவிட்டால், நோயாளியின் செல்களும் புதிய ரத்தக்குழாய்களும் கீழிருந்து துளைகளுக்குள் ஏறிவரும். இரண்டு மூன்று வாரத்தில் அடியடுக்கு பிடித்துக்கொண்டதும் சிலிகானை உரித்துவிட்டு, உடம்பின் வேறு இடத்திலிருந்து சீவி எடுத்த மிக மெல்லிய தோலை ஒட்டுவார்கள். பஞ்சு மெல்லக் கரைந்துபோய் அந்த இடத்தில் சொந்தத் திசு நிற்கும்.

கண்புரை அறுவையிலும் இதே காண்ட்ராய்டின் வருகிறது. ஹயலூரோனிக் அமிலத்தோடு கலந்த பசைபோன்ற திரவமாகக் கண்ணுக்குள் செலுத்தினால், கருவிகள் உள்ளே வேலை செய்யும்போது கருவிழியின் உள்பக்கச் செல்கள் அடிபடாமல் காக்கும்.

இதில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அறுவைக்கு முன் ஒவ்வாமை பற்றிக் கேட்பார்கள், அப்போது மீன், மாட்டுக் கொலாஜன், காண்ட்ராய்டின் எதற்காவது ஒவ்வாமை வந்திருந்தால் மறக்காமல் சொல்லிவிடுங்கள். இன்னொன்று: தீக்காயத்துக்கு டாக்டர்களே சுறாவை வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பொடியை வாங்கிக் காயத்தில் தூவக் கூடாது. கிருமி நீக்கி, சுத்திகரித்து, துளையின் அளவுவரை கட்டுப்படுத்திச் செய்த பொருள் அது.

மூட்டுவலிக்கு

காண்ட்ராய்டின் மாத்திரை பெரும்பாலும் குளுக்கோசமைனோடு சேர்ந்து வரும். சுறாவிலிருந்தும் எடுக்கிறார்கள், மாடு, பன்றி, கோழியிலிருந்தும் எடுக்கிறார்கள். அமெரிக்காவில் 1,583 பேரை வைத்து நடந்த கெய்ட் என்கிற ஆய்வு 2006இல் வெளியானது. தினமும் 1,200 மில்லிகிராம் காண்ட்ராய்டின், 1,500 மில்லிகிராம் குளுக்கோசமைன், இரண்டும் சேர்த்து என்று கொடுத்துப் பார்த்ததில், மொத்தமாகப் பார்த்தால் முழங்கால் வலியில் வெற்று மாத்திரையைவிடத் தெளிவான நன்மை இல்லை. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்கள் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் முழங்காலுக்கும் இடுப்புக்கும் காண்ட்ராய்டின் வேண்டாம் என்கிறது, கைவிரல் மூட்டுத் தேய்மானத்துக்கு மட்டும் நிபந்தனையோடு ஒத்துக்கொள்கிறது. சரி, கைக்காக முயன்று பார்க்கிறேன் என்றால் டாக்டரிடம் கேட்டு, மூன்று மாதம் போல ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். வலி குறையவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், பழக்கத்துக்காகத் தொடர வேண்டாம். மாத்திரை என்றால் அளவு எழுதிய சுத்திகரித்த காண்ட்ராய்டினையே வாங்குங்கள், பொடி வேண்டாம்.

புற்றுநோய்க்கு வேண்டாம்

கதை ஆரம்பித்தது நியாயமான ஆராய்ச்சியில்தான். குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது, கட்டி வளர்வதற்கு ரத்தக்குழாய் தேவை, அப்படியானால் குருத்தெலும்பில் ரத்தக்குழாய் வளர்வதைத் தடுக்கும் பொருள் இருக்குமோ என்று ஆராய்ந்து, இருக்கிறது என்று ஹென்றி பிரெமும் ஜூடா ஃபோக்மனும் 1975இல் முயல் குருத்தெலும்பை வைத்துக் காட்டினார்கள். 1983இல் ஆன் லீயும் ராபர்ட் லாங்கரும் சுறாவிலும் அப்படிப்பட்ட பொருள் இருப்பதைக் கண்டார்கள். அதன்பிறகு 1992இல் வில்லியம் லேன் என்பவர் சுறாவுக்குப் புற்றுநோயே வராது என்று தலைப்பிலேயே சொல்லி ஒரு புத்தகம் எழுத, தொலைக்காட்சியும் அதை எடுத்துப் பேச, பொடி விற்பனை எங்கோ போய்விட்டது.

சுறாவுக்குப் புற்றுநோய் வரும். கேரி ஆஸ்ட்ராண்டர் குழு 2004இல் வெளியிட்ட கட்டுரை சுறா, திருக்கை இனங்களில் பதிவான 42 கட்டிகளைத் தொகுத்துக் காட்டியது, குருத்தெலும்பிலேயே வந்த கட்டியும் அதில் உண்டு. மனிதர்களிடம் சோதித்ததும் கைகொடுக்கவில்லை. 1998இல் வெளியான ஆய்வில் முற்றிய புற்றுநோய் உள்ள 60 பேருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் வீதம் தினமும் கொடுத்தார்கள், அதாவது 60 கிலோ எடை உள்ளவருக்கு நாளுக்கு 60 கிராம் பொடி. கட்டி ஒருவருக்கும் சுருங்கவில்லை. 2005இல் 83 பேரிடம் நடந்த ஆய்விலும் ஆயுள் கூடவில்லை, வாழ்க்கைத் தரமும் உயரவில்லை. பொடிதான் சரியில்லை, வடித்த சாறு வேலை செய்யும் என்றார்கள். 379 நுரையீரல் புற்றுநோயாளிகளுக்குச் சிகிச்சையோடு சேர்த்து நியோவாஸ்டாட் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010இல் வெளியானது: சாறு குடித்தவர்களின் இடைநிலை ஆயுள் 14.4 மாதம், குடிக்காதவர்களுக்கு 15.6.

1998இல் மருத்துவ இதழில் பதிவான ஒரு நிகழ்வு என் மனதை விட்டுப் போகவே இல்லை. மூளைக் கட்டியோடு இருந்த ஒன்பது வயதுப் பெண் குழந்தைக்கு அறுவைக்குப் பிறகு கதிர்வீச்சும் கீமோவும் பரிந்துரைத்தார்கள். பெற்றோர் அதை மறுத்துச் சுறாப் பொடியைத் தேர்ந்தெடுத்தார்கள். சில மாதங்களில் கட்டி வளர்ந்தது, குழந்தை இறந்துவிட்டது. உங்கள் வீட்டில் யாராவது சிகிச்சையைத் தள்ளிவைத்துவிட்டு இந்தப் பொடியைத் தேடுகிறார்கள் என்றால், திட்டாமல், அவர்கள் சிகிச்சையில் எதைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று கேட்டு, அந்தப் பயத்தோடேயே புற்றுநோய் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். வாந்திக்கு, வலிக்கு, சோர்வுக்கு அவர்களிடம் மருந்து இருக்கிறது.

யார் தொடக் கூடாது

பொடியில் கால்சியம் நிறைய இருப்பதால் ரத்தத்தில் கால்சியம் கூடும் வாய்ப்பு உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் ஏற்கெனவே கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ஒதுங்கிவிடுவது நல்லது. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், குழந்தைகள், புதிதாக அறுவை முடிந்தவர்கள், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள் யாருக்கும் இது வேண்டாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து சாப்பிடுகிறவர்கள் காண்ட்ராய்டின், குளுக்கோசமைன் மாத்திரைகளை டாக்டருக்குத் தெரியாமல் தொடங்கக் கூடாது, சிலருக்கு ரத்தம் உறையும் நேரம் எகிறியிருக்கிறது. குமட்டல், மலச்சிக்கல், வாயில் கெட்ட ருசி சாதாரணமாக வரும். கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர்நிறமானாலோ உடனே நிறுத்திவிட்டுக் கல்லீரல் சோதனை செய்துகொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் பொடி டப்பாவைத் திறந்து கலக்குவதைக்கூடத் தவிர்க்க வேண்டும், தூசி மூச்சுக்குள் போவது ஆபத்து.

சுறா கடல் உணவுச் சங்கிலியின் உச்சியில் இருப்பதால் மற்ற மீன்கள் சேர்த்த பாதரசம் எல்லாம் அதனிடம் வந்து சேர்கிறது. 2014இல் கடைகளில் விற்கும் 16 சுறாக் குருத்தெலும்புப் பொருள்களைச் சோதித்தபோது 15இல் பிஎம்ஏஏ என்கிற நரம்பு நச்சு இருந்தது. தினமும் சாப்பிட இதை யாருக்கும் என்னால் பரிந்துரைக்க முடியாது.

சுறாவே இல்லாமல்

ஈரம்தான் வேண்டும் என்றால் நுண்ணுயிர் நொதித்தலில் தயாராகும் ஹயலூரோனிக் அமிலமும் சாதாரண கிளிசரினும் அதே வேலையைச் செய்யும், விலையும் குறைவு. நொதித்தலில் செய்த காண்ட்ராய்டினும் இப்போது கிடைக்கிறது. திறந்த கடலில் வாழும் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை 1970க்குப் பிறகு 71 சதவீதம் சரிந்திருக்கிறது. பருவம் வர ஆண்டுக்கணக்கில் எடுத்து, சில குட்டிகளே ஈனும் விலங்கு, பிடித்த வேகத்தில் திரும்பப் பெருகாது. சுத்தித்தலைச் சுறா இனங்கள் சில 2013இலும் ரெக்வியம் சுறாக் குடும்பம் 2022இலும் சைட்டீஸ் என்கிற பன்னாட்டு வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் சேர்ந்துவிட்டன, அவற்றின் பாகங்களை நாடு விட்டு நாடு அனுப்ப அனுமதிச் சீட்டு வேண்டும். ஆகவே வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் எந்தச் சுறா இனம், எங்கே பிடித்தது, பாதரசச் சோதனை அறிக்கை இருக்கிறதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள், பதில் வராத இடத்தில் வாங்காதீர்கள். அப்புறம், க்ரீம் பட்டியலில் ஸ்குவாலேன் என்கிற எண்ணெய்ப் பொருளைப் பார்த்தால் அதுவும் சுறாவின் கல்லீரல் எண்ணெயிலிருந்து வந்ததாக இருக்கலாம், ஆலிவ் அல்லது கரும்பிலிருந்து எடுத்தது என்று தெளிவாக எழுதியிருப்பதை எடுங்கள்.