கையெழுத்து வைக்காவிட்டால் ஒன்றும் நடக்காது என்று நம்பினோம்: ஒன்ராறியோ ஆஸ்பத்திரிகள் பற்றிப் புதிதாக வருபவர்களுக்கு

வயதான பெற்றோரோடு கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்கு வந்திருக்கிறீர்களா? அல்லது அவர்களை ஸ்பொன்சர் பண்ணி எடுத்திருக்கிறீர்களா? அப்படியானால் இதை இன்றைக்கே படித்துவிடுங்கள். அப்பா விழுந்த பிறகு எமேர்ஜென்சி வாசலில் நின்று படிக்க நேரம் இருக்காது. எங்களுக்கு இருக்கவில்லை.

அடிப்படை விஷயங்களை முதலில் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நிரந்தர வதிவிட உரிமையோடு வந்தவர்கள் வந்த வாரமே சேர்விஸ் ஒன்ராறியோ என்ற அரச சேவை நிலையத்துக்குப் போய், மாகாணத்தின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் அட்டைக்கு விண்ணப்பியுங்கள். மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்று பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள். அந்த விதி 2020 மார்ச்சோடு போய்விட்டது. வந்த முதல் 183 நாட்களில் 153 நாட்கள் இங்கே இருக்க வேண்டும். அதன் பிறகும் எந்த 12 மாதத்தை எடுத்தாலும் 153 நாட்கள் இருக்க வேண்டும். அம்மாவைக் கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு அனுப்பும்போது இந்தக் கணக்கை மறக்காதீர்கள். பெற்றோர் நீண்டகாலம் வந்து தங்குவதற்கான சூப்பர் விசாவில் வந்தவர்களுக்கு ஓஹிப் கிடையாது. அவர்களுக்குத் தனியார் காப்புறுதிதான், அந்தப் பத்திரத்தின் பிரதி ஒன்றை உங்கள் கைபேசியில் வைத்திருங்கள். அம்புலன்சுக்கு 911. அது தேவைதான் என்று வைத்தியர் ஏற்றுக்கொண்டால் 45 டொலர், ஓஹிப் இல்லாதவர்களுக்கு 240 டொலர். அவசரமில்லாத சந்தேகம் என்றால் 811க்கு அடித்து ஒரு தாதியிடம் கேட்கலாம்.

எமேர்ஜென்சியில் வந்த வரிசையில் கூப்பிட மாட்டார்கள். ஆபத்தின் அளவை வைத்து ஐந்து படியாகப் பிரித்துக் கூப்பிடுவார்கள். உங்களுக்குப் பிறகு வந்தவர் முதலில் உள்ளே போனால் சண்டைக்குப் போகாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், தொலைபேசியிலாவது தமிழ் பேசும் ஒருவரைப் பிடித்துத் தருவார்கள். பதினான்கு வயதுப் பேரப்பிள்ளையை நடுவில் நிறுத்தி வைத்தியர் சொல்வதை மொழிபெயர்க்க விடாதீர்கள். நாங்கள் விட்டோம். பாரிசவாதம் என்ற சொல் என் மகளுக்குத் தெரியவில்லை, "தாத்தாவுக்குத் தலையில் ஏதோ அடைச்சிருக்காம்" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கிவிட்டாள்.

வாட்டில் சேர்க்கும்போது அறை பற்றி ஒரு படிவம் வரும். ஓஹிப் பொது வாட்டுக்குத்தான் பணம் கட்டும். இரண்டு பேர் அறைக்கோ தனி அறைக்கோ டிக் போட்டால், வேலையிடத்துக் காப்புறுதி இல்லாதவர்கள் நாளுக்கு நாள் தங்கள் பணத்தையே கட்ட வேண்டும். ஆஸ்பத்திரிக்குள் கொடுக்கும் மருந்துக்குக் காசில்லை. வெளியே வந்த பிறகு மருந்துக்குக் காசு உண்டு. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மாகாணத்தின் மருந்துத் திட்டம் பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்ளும்.

சரி, இனி நான் சொல்ல வந்த விஷயம்.

யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியில் ஆளை வைத்திருந்தவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கும். பிளாஸ்க், பாய், ஒரு பை நிறையத் துணி, கூட நிற்க ஒரு ஆள். வைத்தியர் துண்டு வெட்டும் நாள்தான் வீட்டுக்குப் போகும் நாள். ஆள் இன்னும் தேறவில்லை, வீட்டில் பார்க்க ஒருவரும் இல்லை என்று கெஞ்சினால் இன்னும் இரண்டு நாள் வைத்திருப்பார்கள். முகம் பார்த்துப் பேசினால் விஷயம் நடக்கும். இங்கே அப்படி இல்லை. இங்கே உள்ளே எடுத்த மறுநாளே துண்டு வெட்டும் வேலை தொடங்கிவிடும். அப்பாவின் கட்டிலுக்கு எதிரே ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. தாதியின் பெயர், அன்றைய தேதி, சாப்பாட்டு வகை, அவற்றுக்குக் கீழே வெளியேறக்கூடிய நாள். அந்த நாளை நான் பல தடவை பார்த்தேன். அது எங்களுக்காக எழுதியது என்று நினைக்கவே இல்லை.

இங்கத்தைய ஆஸ்பத்திரிக் கட்டில்கள் ஒரே வகை இல்லை. திடீர் நோய்க்கும் சத்திரசிகிச்சைக்கும் உள்ளவை அக்யூட் கட்டில்கள். ஆபத்து நீங்கினால் அங்கே இடமில்லை. நடக்கவும் விழுங்கவும் பேசவும் திரும்பப் பழக்குவதற்கு ரீஹாப். தேற நீண்ட காலம் எடுக்கும் சிக்கலான நோயாளிகளுக்கு வேறு கட்டில்கள். இவை எல்லாம் ஆஸ்பத்திரி. எல்.டி.சி. என்கிற நெடுங்காலப் பராமரிப்பு இல்லம் ஆஸ்பத்திரி இல்லை, அதற்குத் தனிச் சட்டம், தனி வரிசை, தனிக் கட்டணம். அந்த வரிசையை நடத்துவது ஒன்ராறியோ ஹெல்த் அட்ஹோம் என்ற அமைப்பு. முன்பு பகுதிக்கு ஒன்றாக 14 இருந்தன, 2024 ஜூனில் ஒன்றாக்கினார்கள். இலக்கம் 310-2222. வீட்டுக்கு உதவியாள் வேண்டுமென்றாலும் இதே இடம்தான்.

அப்பா அக்யூட்டில் பதினொரு நாள், பிறகு ரீஹாப்பில் ஆறு கிழமை இருந்தார். வலது கை வரவில்லை. பேச்சு பாதிதான் வந்தது. ஒரு புதன்கிழமை பின்னேரம் சமூகப் பணியாளர் என்னையும் தங்கச்சியையும் ஒரு சின்ன அறையில் இருத்தி, அப்பா இனி ஏ.எல்.சி. என்றார். நாங்கள் தலையாட்டினோம். அது ஏதோ வாட்டின் பெயர் என்று நினைத்தோம்.

அந்த மூன்று எழுத்துகளையும் கவனமாகக் கேளுங்கள். இவருக்கு இனி இந்தக் கட்டிலில் செய்ய வைத்தியம் எதுவும் இல்லை, இவர் வேறிடத்துக்குப் போகக் காத்திருப்பவர் என்று வைத்தியர் எழுதிக் கொடுப்பதுதான் ஏ.எல்.சி. அன்று முதல் அந்த ஆளைப் பற்றிய விதிகளே மாறுகின்றன. எல்.டி.சி.க்குக் காத்திருப்பவர் என்று குறித்தால், ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே மாதாந்தப் பங்குக் கட்டணம் அறவிடலாம். அது உச்சமாக மாதம் 2,000 டொலர் அளவில் வரும். வருமானம் குறைந்தவர்களுக்கு இதைக் குறைக்க வழி இருக்கிறது, ஆனால் கேட்க வேண்டும். அப்பா வந்து 10 வருடம் ஆகாததால் அவருக்கு ஓல்ட் ஏஜ் பென்சன் இல்லை. அப்படியிருந்தும் முதல் பில் முழுத்தொகைக்கு வந்தது. நிதிப் பிரிவுக்குப் போய் வருமான விவரத்தைக் காட்டிய பிறகுதான் குறைத்தார்கள்.

ஆனால் எங்களைக் கடித்தது அது இல்லை. ஐந்து இல்லங்கள் வரை தெரிவு செய்து தரும்படி கேட்டார்கள். நாங்கள் ஒன்றே ஒன்று எழுதினோம். தமிழ் ஆட்கள் நிறைய இருக்கிற, அப்பாவின் சிநேகிதர் ஒருவரும் இருக்கிற இல்லம். அதற்கு ஆண்டுக் கணக்கில் வரிசை. லண்டனில் இருக்கும் அண்ணாவிடம் கேட்டேன். "ஒண்டிலையும் கையெழுத்து வைக்காதை. கையெழுத்து இல்லாமல் அவையாலை ஒண்டும் செய்யேலாது" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. ஊரில் அப்படித்தான் நடக்கும். கையெழுத்து வைக்காதவரை எந்தக் காகிதமும் நகராது.

இங்கே நகரும். 2022இல் 7ஆம் இலக்கச் சட்டமூலம் என்று ஒன்றை நிறைவேற்றினார்கள், அந்தச் செப்டெம்பரிலேயே நடைமுறைக்கு வந்தது. எல்.டி.சி.க்குக் காத்திருக்கும் ஏ.எல்.சி. நோயாளிக்குக் குடும்பம் சம்மதம் தராவிட்டால், சம்மதம் பெற முயன்ற பிறகு, இல்ல வரிசையை நடத்தும் அமைப்பினரே தகுதி பார்த்து, அவர்களே இல்லத்தைத் தெரிந்து, விவரங்களை அங்கே அனுப்பி, அனுமதியும் வாங்கலாம். தென் ஒன்ராறியோவில் 70 கிலோமீற்றருக்குள், வடக்கில் 150க்குள், வடக்கில் அந்தத் தூரத்துக்குள் இடமில்லை என்றால் அதற்கும் அப்பால். கட்டில் கிடைத்து ஆஸ்பத்திரி துண்டு வெட்டிய பிறகு 24 மணிநேரம் தாண்டியும் போகாவிட்டால், நாளுக்கு 400 டொலர். இந்தக் கட்டணம் 2022 நவம்பர் 20 முதல் இருக்கிறது. ஆளைப் பலவந்தமாகத் தூக்கிக்கொண்டு போகச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் மீற்றர் ஓடிக்கொண்டிருக்கும். இந்தச் சட்டத்தை எதிர்த்துப் போட்ட வழக்கும் 2025 ஜனவரியில் தோற்றுவிட்டது.

எங்களுக்கு வந்த இடம் 401 நெடுஞ்சாலையில் கிழக்கே 58 கிலோமீற்றர். போக மாட்டோம் என்று ஐந்து நாள் நின்றோம். 2,000 டொலர். ஆறாம் நாள் காலை நான் வாட்டுக்குப் போனபோது அப்பா உடுப்புப் பையை மடியில் வைத்து இடது கையால் அதன் வாரைப் பிடித்தபடி சக்கர நாற்காலியில் இருந்தார். "என்ன தம்பி, துண்டு வெட்டிட்டாங்களோ?" என்று கேட்டார். பாரிசவாதத்துக்குப் பிறகு அவர் முழுதாகச் சொன்ன வசனங்கள் மிகக் குறைவு. வீட்டுக்குப் போகிறோம் என்று நினைத்திருந்தார்.

நாங்கள் செய்திருக்க வேண்டியது இதுதான். ஏ.எல்.சி. என்ற சொல் வரும் முன்பே, ரீஹாப் இரண்டாம் கிழமையிலேயே, ஐந்து இல்லங்களையும் நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். தமிழ் பேசும் ஊழியர்கள் எந்த ஷிப்டில் நிற்கிறார்கள், மரக்கறிச் சாப்பாட்டில் உண்மையில் என்ன கொடுக்கிறார்கள், வீட்டிலிருந்து கொண்டுபோகும் சோறு கறியை அனுமதிப்பார்களா என்று கேட்டிருக்க வேண்டும். விரும்பும் இல்லத்தை முதலில் எழுதிவிட்டு, வரிசை குறுகிய, உங்களால் வாகனத்தில் போய்வரக்கூடிய இரண்டையாவது கீழே எழுதுங்கள். அப்படி எழுதினால் 70 கிலோமீற்றர் வட்டத்துக்குள் எங்கே என்பதை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். எழுதாவிட்டால் அவர்கள் தீர்மானிக்கிறார்கள். இரண்டாம் தெரிவுக்குப் போனதால் முதல் தெரிவின் வரிசையில் பெயர் வெட்டுப்படாது. இதை ஒருவர் எங்களுக்கு அன்று தமிழில் சொல்லியிருந்தால் நாங்கள் ஐந்தையும் எழுதியிருப்போம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்னொன்று. 400 டொலரைச் சொல்லிச் சில இடங்களில் முன்கூட்டியே பயமுறுத்துவார்கள். அந்தக் கட்டணம் இல்லம் ஒன்றில் கட்டில் உறுதியாகி, அதன் பிறகு துண்டு வெட்டினால் மட்டுமே வரும். படிவம் நிரப்பத் தாமதித்ததற்காக வராது. யாராவது அப்படிச் சொன்னால் எழுத்தில் தரும்படி கேளுங்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் நோயாளர் உறவுப் பிரிவு இருக்க வேண்டும், அங்கே போங்கள். ரொறன்ரோவில் அட்வொகசி சென்டர் ஃபோர் தி எல்டர்லி என்று முதியோருக்கான சட்ட உதவி நிலையம் இருக்கிறது, இந்த விஷயம் அவர்களுக்கு அத்துப்படி. நாங்கள் அவர்களை அழைத்தது பணம் கட்டி முடித்த பிறகு.

மூத்த பிள்ளை சொன்னால் முடிவு என்ற வழக்கத்தையும் இங்கே நம்பாதீர்கள். அப்பா தானே முடிவெடுக்க முடியாத நிலையில் இருந்தால், அவர் யாரையும் நியமிக்காவிட்டால், வாழ்க்கைத்துணை முதலில், பிறகு பிள்ளைகள். பிள்ளைகளுக்குள் மூத்தவர் இளையவர் கிடையாது, எல்லோரும் ஒரே படி. லண்டனில் இருக்கும் அண்ணாவும் பக்கத்தில் நிற்கும் தங்கச்சியும் முரண்பட்டால், கடைசியில் அரசின் பொதுப் பாதுகாவலர் அலுவலகம் முடிவெடுக்கலாம். எங்கள் வீட்டில் அது ஒரு கிழமை ஆளோடு ஆள் பேசாமல் இருக்கும் அளவுக்குப் போனது.

இதற்கு மருந்து, பெற்றோர் தெளிவாக இருக்கும்போதே பராமரிப்புக்கான பவர் ஒஃப் அட்டோர்னி, அதாவது தங்களுக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் பத்திரம், எழுதி வைப்பது. இரண்டு சாட்சிகள் வேண்டும். துணைவரோ பிள்ளைகளோ, நியமிக்கப்படுபவரோ அவருடைய துணைவரோ சாட்சியாக நிற்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரர், கோயிலில் தெரிந்தவர்கள் போதும். சட்டத்தரணி கட்டாயம் இல்லை. அப்பாவிடம் இதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது, சாவைப் பற்றிப் பேசுவது போல இருக்குமே என்று. என் மாமியாரிடம் போன மாதம் கேட்டேன். "இதைக் கேக்க ஏன் இவ்வளவு காலம்?" என்றார். தேத்தண்ணி ஆறுவதற்குள் கையெழுத்து வைத்துவிட்டார்.

அப்பா இன்னும் அந்த 58ஆவது கிலோமீற்றரில்தான் இருக்கிறார். நல்லாகத்தான் பார்க்கிறார்கள், ஆனால் தமிழில் ஒரு வார்த்தை பேச ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுபோகிறோம். முதல் தெரிவு இல்லத்தின் வரிசையில் அவருடைய பெயர் மேலே வந்துகொண்டிருக்கிறது. கட்டில் ஒன்று வந்தால் பதில் சொல்ல 24 மணிநேரம்தான் தருவார்கள். அதனால் வேலையிடத்திலும் கைபேசியைச் சத்தத்தோடு வைத்திருக்க மேற்பார்வையாளரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.