குடம் நிறையும் சத்தமும் 20 மீட்டர் கம்பியும்: உங்கள் முதல் டைபோல் ஆன்டெனா

குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கிறவர்கள், குடம் நிறைந்ததைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். முதலில் கொடகொடவென்று கனமாகக் கேட்கும், தண்ணீர் ஏற ஏறச் சத்தமும் ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் கீச்சென்று முடியும். உள்ளே மிச்சமிருக்கும் காற்றின் உயரம் குறையக் குறைய, அது எந்த ஒலிக்கு ஒத்து அதிர்கிறதோ அதன் அதிர்வெண் கூடுகிறது. ஆன்டெனாவிலும் இதே கதைதான். கம்பி நீளமாக இருந்தால் குறைந்த அதிர்வெண்ணில் ஒத்ததிரும், குட்டையாக்கினால் அதிர்வெண் மேலே போகும். இது மனதில் நின்றுவிட்டால் மற்றதெல்லாம் அளவு நாடாவும் கட்டிங் பிளேயரும்தான்.

இது ஹாம் ரேடியோவுக்கு, அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்வதற்கு, புதிதாக வருகிறவர்களுக்கான குறிப்பு. உரிமம் வாங்காமல் மைக் பட்டனை அழுத்தக் கூடாது, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கணக்கு. ரேடியோ அலை ஒரு நொடியில் ஏறக்குறைய 30 கோடி மீட்டர் ஓடுகிறது. அதனால் 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வந்துவிடும். நாம் எடுத்துக்கொள்வது 7.1 மெகாஹெர்ட்ஸ்: 300 ÷ 7.1 = 42.25 மீட்டர். ஹாம்களுக்கு ஒதுக்கிய இந்த அதிர்வெண் பகுதிக்கு 40 மீட்டர் பேண்ட் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதும் புரிந்திருக்கும். டைபோலுக்கு, அதாவது நடுவில் கேபிளை இணைத்து இரண்டு பக்கமும் நீட்டிக் கட்டும் கம்பிக்கு, இதில் பாதி போதும், 21.1 மீட்டர். பாதி அலை ஏன் என்றால், கம்பியின் இரண்டு நுனியிலும் மின்னோட்டத்துக்குப் போக வழியில்லை, அங்கே அது பூஜ்ஜியம், நடுவில்தான் உச்சம். நுனிக்குப் போய் மோதித் திரும்பும் அலை, புதிதாக வருகிற அலையோடு சரியாகக் கைகோக்கும் முதல் நீளம் பாதி அலைதான்.

ஆனால் 21.1 மீட்டர் வெட்டினால் ஆன்டெனா 7.1-க்குக் கீழேயே ஒத்ததிரும். கம்பிக்குத் தடிமன் உண்டு, நுனியில் இன்சுலேட்டர் உண்டு, இவையெல்லாம் சேர்ந்து கம்பியை மின்னளவில் சற்று நீளமாக்கிவிடுகின்றன. அதனால் ஏறக்குறைய 5 சதவீதம் குறைத்து, 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுப்பது வழக்கம்: 143 ÷ 7.1 = 20.14 மீட்டர், ஒரு பக்கத்துக்கு 10.07. பிளாஸ்டிக் உறை போட்ட வயர் என்றால் இன்னும் சில சதவீதம் குறையும்.

இந்த எண்ணை நம்பி வெட்டிவிடாதீர்கள். வெட்டியதை ஒட்டுவது பெரிய தொல்லை, அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

சாமான்கள் அதிகமில்லை. எலக்ட்ரிக்கல் கடையில் 1.5 ஸ்கொயர் எம்எம் செப்பு வயர், 90 மீட்டர் சுருளாகவே வாங்கிவிடலாம், மிச்சம் வீணாகாது. 50 ஓம் கோஆக்ஸ் கேபிள் (நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி உலோகப் பின்னல்), நைலான் கயிறு, நுனிகளுக்கு இரண்டு இன்சுலேட்டர். பி.வி.சி. பைப்பைத் துண்டாக வெட்டி இரண்டு ஓட்டை போட்டாலே இன்சுலேட்டர் ஆகிவிடும். எனக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடையில் பீங்கான் இன்சுலேட்டர் கிடைத்தது, பார்க்க அழகு, வேலை என்னவோ ஒன்றுதான்.

வயரை வளவில் (வீட்டின் நடு முற்றப் பகுதியில்) நீட்டிப் போட்டு அளப்பது வசதி. நாடாவால் அளக்கவும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லை எண்ணிப் பெருக்கிக்கொள்ளலாம் என்று நானும் நினைத்தேன், கையால் செய்த கல், இடுக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பின்னால் குறைத்துக்கொள்ள மிச்சம் வைத்து, ஒரு பக்கத்துக்கு 10.5 மீட்டராக இரண்டு துண்டு வெட்டுங்கள். கோஆக்ஸின் நடுக்கம்பியை ஒரு துண்டோடும், வெளிப் பின்னலை இன்னொன்றோடும் சேர்த்துப் பற்றவைத்து, மழைத்தண்ணீர் உள்ளே இறங்காதபடி நன்றாகச் சுற்றி அடைத்துவிடுங்கள். அந்த இணைப்புக்குக் கீழேயே கோஆக்ஸில் நாலரை மீட்டரை 8 சுற்றாகச் சுருட்டிக் கட்டிவிட்டால், கேபிளின் வெளிப்புறத்தில் மின்னோட்டம் இறங்கி வந்து கேபிளும் ஆன்டெனாவாகிவிடுகிற தொந்தரவு குறையும்.

கட்டும் இடத்துக்கு நம் செட்டிநாட்டு வீடுகள் தோது. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு என்று நீண்டு கிடப்பதால், நீளவாக்கில் 20 மீட்டருக்குக் குறையே இல்லை. மாடிப்படி அறையின் மேல் ஒரு மூங்கிலை நட்டு நடுப்பகுதியைத் தூக்கி, இரண்டு நுனியையும் கூடாரம் மாதிரி சரிவாக இறக்கிக் கட்டுங்கள். தட்டையாகக் கட்டிய டைபோல் வெட்டவெளியில் 73 ஓம் காட்டும், இப்படிச் சரித்தால் 50-க்குப் பக்கத்தில் வரும், கேபிளுக்கும் அதுதான் வேண்டும். முற்றத்துக்கு மேல் இரும்புக் கிராதி போட்டிருந்தால் அதற்கு ஒட்டிக் கம்பியைக் கொண்டுபோகாதீர்கள், இரும்பு பக்கத்தில் வந்தாலே ஒத்ததிர்வு நகர்ந்துவிடும். தெரு மின்கம்பிக்குப் பக்கத்தில், மேலே, கீழே எங்கும் வேண்டவே வேண்டாம். நுனிகள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும், மின்னோட்டம் இல்லாத அந்த இடத்தில்தான் மின்னழுத்தம் உச்சம், 100 வாட் அனுப்பும்போது தொட்டால் தோல் கருகும். (மாடிக்கு வத்தல் காயப்போட வந்த அப்பத்தா, "கொடி கட்டுறதுக்கா இம்புட்டுக் கம்பி?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் ஒரு சேலையைப் போடப் பார்த்தார்கள்.)

இனி அளப்பது. ஆன்டெனாவை அதிர்வெண் வாரியாக அளந்து காட்டும் நானோ வி.என்.ஏ. என்ற சின்னக் கருவி இருந்தால் சுகம், இல்லாவிட்டால் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரும் குறைந்த பவரும் போதும். எஸ்.டபிள்யூ.ஆர். என்பது அனுப்பிய சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண், 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. எந்த அதிர்வெண்ணில் அது மிகக் குறைகிறது என்று பாருங்கள். 6.75-இல் என்று வைத்துக்கொள்வோம். புது நீளம் = பழைய நீளம் × 6.75 ÷ 7.1. 21 மீட்டரை வைத்துப் போட்டால் 19.97 வரும், அதாவது பக்கத்துக்கு 52 சென்டிமீட்டர் குறைக்க வேண்டும். முழுதாக வெட்டாமல் நுனியை மடக்கி அதே வயரோடு முறுக்கிக் கட்டுங்கள், ஏறக்குறைய வெட்டிய மாதிரியே வேலை செய்யும். திரும்ப ஏற்றி, திரும்ப அளந்து, சரியாக வந்தபிறகு கத்தரியை எடுக்கலாம்.

ஏற்றி இறக்க அலுப்புப்பட்டுத்தான் நான் மாட்டிக்கொண்டேன். இடுப்பு உயரத்தில் கட்டியே அளந்து, 7.1 வரும்வரை நறுக் நறுக்கென்று வெட்டி, பெருமையோடு மேலே ஏற்றினால் 7.25-இல் போய் நிற்கிறது, பேண்டே 7.2-இல் முடிந்துவிடுகிறது! தரையும் மாடியும் பக்கத்தில் இருக்கும்போது அதிர்வெண்ணைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கின்றன, உயரம் போனதும் விட்டுவிட்டன. பக்கத்துக்கு ஒரு சாண் ஒட்டுப் போட்டேன், அந்த முடிச்சு இன்னும் கீழிருந்து பார்த்தாலே தெரியும். கம்பி எந்த உயரத்தில் தொங்கப்போகிறதோ அந்த உயரத்தில்தான் அளக்க வேண்டும், வேறு வழி கிடையாது.

எஸ்.டபிள்யூ.ஆர். 1.5 என்றால் திரும்பி வருவது 4 சதவீதம்தான், 2 என்றாலும் 11 சதவீதம். 1.1-க்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வெயிலில் நிற்பது வீண். எஸ்.டபிள்யூ.ஆர். நன்றாக இருந்தாலே ஆன்டெனா நல்லது என்றும் நினைக்காதீர்கள், ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் வெறும் 50 ஓம் மின்தடையான டம்மி லோடும் அழகாக 1 காட்டும், எதையும் ஒலிபரப்பாது.

ஐப்பசி மழையில் இடி தொடங்குவதற்கு முன்பே கேபிளை ரேடியோ செட்டிலிருந்து கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, இதே கம்பி மூன்று மடங்கு அதிர்வெண்ணிலும், 21 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில், ஒத்ததிரும், அப்போது அதில் மூன்று பாதி அலைகள் உட்கார்ந்துகொள்ளும், நடுவில் மின்னோட்டம் மறுபடி உச்சம். இரண்டு மடங்கான 14-இல் ஆகாது, நடுவில் மின்னோட்டம் செத்துவிடும். 14-உம் வேண்டுமென்றால், ஒரு பக்கத்துக்கு 5 மீட்டர் சொச்சமாக இன்னும் இரண்டு துண்டு வெட்டி அதே நடு இணைப்பில் சேர்த்து, முதல் கம்பியிலிருந்து விலக்கிக் கட்டிவிடலாம், சுருளில்தான் இன்னும் 69 மீட்டர் கிடக்கிறதே.