ஷாக் பம்ப் வாங்கும்போது எதைப் பார்க்கணும்

சைக்கிளின் காற்று சஸ்பென்ஷனுக்குள் காற்று அடிக்கிற சின்னக் கைப்பம்ப்தான் ஷாக் பம்ப். முதலில் உங்கள் சைக்கிளில் இருப்பது ஏர் ஃபோர்க்தானா, அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கால்களுக்குள் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். ஃபாக்ஸ், ராக்‌ஷாக்ஸ் ஏர் ஃபோர்க் என்றால் இடது கால் உச்சியில் ஒரு மூடி இருக்கும், அதைத் திருகிக் கழற்றினால் கார் டயரில் இருக்கிற அதே தடித்த வால்வ். சன்டூர் எக்ஸ்சிடி மாதிரி ஆரம்ப விலை ஃபோர்க்குகளுக்குள் இருப்பது இரும்பு ஸ்பிரிங், மேலே இருக்கும் குமிழ் அந்த ஸ்பிரிங்கை இறுக்குவதற்கு மட்டும். உங்களுடையது அதுதான் என்றால் பம்பே வேண்டாம், காசு மிச்சம்.

ஏர் என்றால் ஷாக் பம்ப் தனியாக வாங்கித்தான் ஆக வேண்டும். வால்வ் ஒன்றுதானே, வீட்டில் டயருக்கு அடிக்கிற பம்பே போதாதா என்று எல்லாருக்கும் தோன்றும். மாட்டிக்கொள்ளும்தான், ஆனால் பின்பக்க ஷாக்குக்கு (பின்சக்கரத்துக்கான சஸ்பென்ஷன்) 250 பிஎஸ்ஐ வரை தேவைப்படலாம், 3 செ.மீ. குறுக்களவுள்ள டயர் பம்பில் அந்த அழுத்தத்துக்குப் போக கைப்பிடியில் ஏறத்தாழ 125 கிலோ அழுத்த வேண்டும், நீங்களே ஏறி நின்றாலும் இறங்காது. ஷாக் பம்பின் குழாய் ஒல்லி, 1 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 14 கிலோ போதும். முன் ஃபோர்க்குக்கு 70 பிஎஸ்ஐ தானே என்று டயர் பம்பை எடுத்தாலும் சிக்கல் வேறு மாதிரி வரும். உள்ளே காற்றறை சின்னது, ஒரு அடியிலேயே எகிறிவிடும், அப்புறம் பம்பின் தலையை (வால்வில் மாட்டும் முனை) பிடுங்கும்போது அடித்ததில் கணிசமாக வெளியே போய்விடும். பெட்ரோல் பங்க் காற்றுக்குழாய் பக்கமே போகாதீர்கள்.

கடையில் முதலில் கண்ணில் படுவது அதிகபட்ச அழுத்தம். 300 பிஎஸ்ஐ பெரும்பாலானோருக்குப் போதும். உடம்பு கனமானவர்கள், அதுவும் பின்பக்க ஷாக் உள்ளவர்கள், தங்கள் ஷாக்குக்கு எவ்வளவு தேவை என்று கையேட்டில் பார்த்துவிட்டு வாங்கலாம். ஃபோர்க்கின் கீழ்க்காலில் எடைக்கு ஏற்ற அழுத்தம் போட்ட ஸ்டிக்கர் பல மாடல்களில் இருக்கும். ஷாக்கின் மேல் எழுதியிருக்கும் உச்ச அளவைப் பம்ப் தாண்டும் என்பதற்காக நீங்களும் தாண்டக் கூடாது.

என்னைக் கேட்டால் காசு போட வேண்டிய இடம் பம்பின் தலை. அடித்து முடித்துக் கழற்றும்போது ‘புஸ்’ என்று ஒரு சத்தம் வரும், ஐயோ அடித்த காற்றெல்லாம் போச்சே என்று பதறுவார்கள். நல்ல தலையில் போவது ஹோஸுக்குள் இருந்த காற்று மட்டும். திருகத் திருக வால்வின் ஊசி முதலில் மூடிக்கொள்ளும், அதற்குப் பிறகுதான் தலைக்குள் இருக்கும் ரப்பர் வளையம் பிடியை விடும். வளையம் தேய்ந்த தலையிலோ மட்டமான தலையிலோ இந்த வரிசை மாறிப் போகும், அப்போது உண்மையிலேயே ஷாக்கிலிருந்து காற்று போகும். இதைத் தவிர்க்கவே சில பம்புகளில் இரண்டு கட்டத் தலை வருகிறது: முதலில் வால்வின் மரையில் இறுக்குவது, பிறகு இன்னொரு திருகால் ஊசியை அழுத்துவது. கழற்றும்போது ஊசியை முதலில் விட்டுவிடலாம். அடிக்கடி அழுத்தத்தை மாற்றிப் பார்க்கிறவர் என்றால் கூடுதல் விலைக்குத் தகும்.

இதோடு சேர்ந்த குழப்பம் ஒன்று. காலையில் 80 அடித்தேன், சாயந்திரம் மாட்டிப் பார்த்தால் 70 காட்டுகிறது, ஷாக் கசிகிறதா? பெரும்பாலும் இல்லை. காலியாக இருந்த ஹோஸை நிரப்ப உள்ளேயிருந்த காற்றே போயிருக்கிறது. எப்படிப்பட்ட தலையாக இருந்தாலும் இது நடக்கும், அதனால் சும்மா செக் பண்ணுகிறேன் என்று மாட்டினால் மறுபடி அடித்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

அடுத்தது மீட்டர். 300 பிஎஸ்ஐ வரை காட்டும் சின்ன முள் மீட்டரில் 70 என்பது முதல் கால்வட்டத்துக்குள் அடங்கிவிடும், கோடுகளும் நெருக்கமாக இருக்கும், நீங்கள் பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் எண்ணே மாறும். முன் ஃபோர்க் மட்டும் உள்ள சைக்கிள் என்றால் டிஜிட்டல் எடுங்கள், 1 பிஎஸ்ஐ வித்தியாசம்கூடத் தெரியும்; பேட்டரி எந்தக் கடையிலும் கிடைக்கிற வகையா என்று மட்டும் பாருங்கள். ஒருமுறை அடித்துவிட்டு மாதக்கணக்கில் ஓட்டுகிறவருக்கு முள் மீட்டரே தாராளம். உங்கள் பம்பும் நண்பரின் பம்பும் ஒரே ஷாக்கில் வேறு வேறு எண் காட்டலாம், அதற்காகச் சண்டை வேண்டாம். சரியா இல்லையா என்று சொல்வது ஸ்டாஞ்சியனில் (சஸ்பென்ஷன் அமுங்கும்போது உள்ளே போகும் வழவழப்பான குழாய்) இருக்கும் ரப்பர் வளையம்தான். 140 மி.மீ. வரை அமுங்கும் ஃபோர்க்கில் நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் வளையம் 28 மி.மீ. அளவுக்கு நகர்ந்தால் 20 சதவீத சாக் (sag), அதாவது உங்கள் எடைக்கு சஸ்பென்ஷன் அமுங்கும் அளவு. பின்பக்கம் 25 முதல் 30 சதவீதம். அந்த இடத்தில் உங்கள் பம்ப் காட்டும் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு எப்போதும் அதே பம்பை வைத்து அடியுங்கள்.

ஹோஸ் வளைகிறதா, தலைக்குப் பக்கத்தில் சுழல்கிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். பின்பக்க ஷாக் வால்வ் சில ஃபிரேம்களில் இடுக்கில் இருக்கும், தடித்த தலை நுழையாது, முடிந்தால் சைக்கிளையே கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். மாட்டியபடி 100 அடித்துச் சில நிமிடம் விடுங்கள், முள் மெல்ல இறங்கினால் அந்தப் பம்ப் வேண்டாம். காற்று இறக்கும் பட்டனைத் தொட்டுத் தொட்டு அழுத்திப் பாருங்கள், ஒவ்வொரு அழுத்தலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டும், ஒரே தட்டில் இருபது முப்பது போனால் தினமும் எரிச்சல்தான்.

வாங்கி வந்து காலி ஷாக்கில் அடிக்கும்போது ஒவ்வொரு 50 பிஎஸ்ஐக்கும் நிறுத்தி, சஸ்பென்ஷனைப் பத்து முறை மெதுவாக அமுக்குங்கள். முள் இறங்கும். ஷாக்குக்குள் எதிர்ப்பக்கம் இருக்கும் இன்னொரு காற்றறைக்குள் காற்று போவதுதான் காரணம், பம்பைக் குறை சொல்ல வேண்டாம். சில ஷாக்குகளில் நைட்ரஜன் அடைத்த இன்னொரு இடம் இருக்கும், அதில் இந்தப் பம்பை மாட்டவே கூடாது. தலைக்குள் இருக்கும் ரப்பர் வளையம் தேய்கிற பொருள், உதிரியாகக் கிடைக்குமா என்று பில் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.