டாக்டர் எழுதிய கட்டுரைகளை எண்ணத் தொடங்கும் முன்

சிறுநீரகத்துக்கோ மனநலத்துக்கோ வேலூரில் டாக்டர் தேடுகிறவர்கள் பலர் இப்போது கூகுளில் பெயரைப் போட்டு, அவர் எத்தனை ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் காட்பாடிக்கு டிக்கெட்டே எடுக்கிறார்கள். பார்ப்பதில் தப்பில்லை, பார்க்கிற விதத்தில்தான் கோளாறு.

பெரிய கோளாறு பெயரில். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். மருத்துவக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட்டுக்கு இந்த வழக்கம் தெரியாது. எஸ். குமார் அங்கே 'குமார் எஸ்' ஆகிவிடுவார், அந்தப் பெயரில் தேடினால் கால்நடை, பயிர்நோய், பல் என்று யார் யாரோ எழுதிய ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வந்து நிற்கும். அதே டாக்டர் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை சர்நேமாகப் போட்டு வெளிநாடு போய் எழுதியது அப்பா பெயரில் பதிவாகியிருக்கும், அது இந்தத் தேடலில் வரவே வராது. ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தரும் ஆர்கிட் (ORCID) என்ற 16 இலக்க எண் 2012-இல் வந்ததே இந்தக் குழப்பத்துக்காகத்தான். டாக்டருக்கு அந்த எண் இருந்தால் அங்கே பாருங்கள் (ஆனால் எண்ணை வாங்கிவிட்டுப் பக்கத்தை நிரப்பாமலே விட்டவர்களும் உண்டு). சரி, நிறுவனத்தை வைத்துப் பிரிக்கலாம் என்றால், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) வேலூரில் மட்டுமல்ல, பஞ்சாபின் லூதியானாவிலும் ஒன்று இருக்கிறது. ஊர்ப் பெயர் வரை படியுங்கள்.

ஒரே பட்டியலில் மனநலமும் சிறுநீரகமும் கலந்து கிடந்தால் உடனே 'இது ரெண்டு ஆளா இருக்கும்' என்று முடிவுகட்டுவது அடுத்த தவறு. சில நேரம் அது உண்மைதான். ஆனால் இரண்டு துறைக்கும் நடுவே வேலை நிறைய இருக்கிறது: டயாலிசிஸில் இருப்பவர்களின் மனச்சோர்வு, யூரியா ஏறிக் குழம்பிப்போகிறவர்கள், சிறுநீரகம் கொடுக்க வரும் அண்ணனோ அம்மாவோ மனமொப்பித்தான் வருகிறார்களா என்று மதிப்பிடுவது. வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் அங்கே பாகாயத்தில் 1957 முதல் நடக்கிறது, இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் சிறுநீரக மாற்று 1971-இல் நடந்ததும் அதே சி.எம்.சி.யில்தான். இப்படிப்பட்ட ஊரில் இரண்டு துறையிலும் கை வைத்த ஒருவர் இருந்தால் ஆச்சரியம் என்ன?

அப்புறம் எண்ணிக்கை. மருத்துவக் கல்லூரியில் பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும், அதனால் பட்டியல் வளரத்தான் செய்யும். ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்பும், இதழாசிரியருக்கு எழுதிய அரைப்பக்கக் கடிதமும், நூற்றுக்கணக்கானவர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வும் அதில் ஆளுக்கொரு வரிதான். பெயர் எங்கே வருகிறது என்று பாருங்கள்: மருத்துவத்தில் பெரும்பாலும் முதல் பெயர் வேலையைச் செய்தவர், கடைசிப் பெயர் வழிநடத்தியவர், நடுவில் நாற்பது பேர் இருந்தால் அதில் ஒருவரின் பங்கு என்ன என்று பட்டியல் சொல்லாது. எச்-இன்டெக்ஸ் 20 என்றால் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். வயதானால் அது ஏறும், இறங்காது. மனநல டாக்டரின் எண்ணைச் சிறுநீரக டாக்டரின் எண்ணோடு ஒப்பிடுவது வெட்டி வேலை.

'மருந்து பலனளிக்கவில்லை' என்று முடியும் கட்டுரையைத் தோல்வியாக எண்ணாதீர்கள், என்னைக் கேட்டால் அதற்குத்தான் மதிப்பு அதிகம். டயாலிசிஸுக்குப் போகாத நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளின் மனச்சோர்வுக்கு செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை உதவுமா என்று அமெரிக்காவில் 201 பேரிடம் 12 வாரம் சோதித்தார்கள், வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை என்று 2017-இல் வெளியிட்டார்கள். ஆனால் அந்த முடிவு டயாலிசிஸில் இருப்பவருக்கு அப்படியே பொருந்தாது, தலைப்பை மட்டும் படிக்கிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, கட்டுரையைப் படித்துவிட்டு வீட்டிலேயே மாத்திரையை நிறுத்துவது. மனநிலை ஏறி இறங்கும் நோய்க்குத் தரும் லித்தியம் மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டால் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கும் என்பது உண்மைதான், அதற்காகத் திடீரென்று விட்டால் நோய் திரும்பி ஆளையே புரட்டிப் போட்டுவிடும். கத்திரி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும், மெடிக்கலில் தானாக வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வலி மாத்திரைகளும் ரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும், முதலில் அதைக் கவனியுங்கள். அடுத்த முறை ஓ.பி.க்குப் போகும்போது ரத்தத்தில் லித்தியம் அளவு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், தைராய்டு மூன்றையும் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள்.